மொஸ்கா அத்தையும் மூன்று துடைப்பங்களும்

நவம்பர் 4, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். பெரிய தவறா, சின்னத் தவறா என்று தெரியவில்லை.

அத்தைக்கு வைத்தியம் செய்ய வரும் மிர்சினி அக்கா கொடுத்த பச்சை நோட்டில் ஆறு கட்டங்கள் இருக்கின்றன. தேதி, மணி, சற்று முன் என்ன நடந்தது, அத்தை என்ன சொன்னார், என்ன செய்தார், பத்துக்கு எவ்வளவு பயம்.

இன்று மாலை ஆறு மணிக்கு அத்தைக்குப் பதற்றம் வந்தபோது நான் வீட்டில் இல்லை, இங்கிலீஷ் வகுப்பில் இருந்தேன். நான் இல்லாதபோது நடந்ததை அம்மாவைக் கேட்டு எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு அம்மா எப்போதும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். அதனால் இன்று அவரைக் கேட்காமலே "ஒன்றுமில்லை" என்று நானே எழுதிவிட்டேன். அதுவும் பேனாவால்.

வகுப்பில் டீச்சர் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார். "உங்களைத் தெரியாதவங்க படிச்சாலும் புரியணும்" என்பார். ஆகவே, எங்களைப் பற்றி:

என் பெயர் அர்கிரோ. வயது பதினொன்று. ஆந்த்ரோஸ் தீவில் இருக்கிறேன். அப்பா லூக்காஸ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். அம்மா தெஸ்பினா செப்டம்பரிலிருந்து காலையில் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார். மொஸ்கா அத்தை அப்பாவின் அக்கா. அப்பாவைவிட இருபத்திரண்டு வயது பெரியவர். அப்பாவை வளர்த்ததே அவர்தான்.

அத்தைக்கு மறதி நோய். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுவார். அதைப் பற்றி அவருக்கே கவலை இல்லை. "மறுபடி சாப்பிட்டா போச்சு" என்பார். ஆனால் செப்டம்பரிலிருந்து புதிதாக ஒரு பயம் வந்திருக்கிறது. மாலையில் திடீரென்று எழுந்து, "வேண்டாம், வேண்டாம், தள்ளாதே" என்று கையைப் பிசைந்துகொண்டு அழுகிறார். யாரும் அவரைத் தள்ளவில்லை.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பயம் நின்றது. அத்தையும் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டார். மூன்று நாள் மேசையிலேயே தூங்கினார். ஒரு தடவை கை சூப்புக் கிண்ணத்துக்குள் இருந்தது, அதுகூடத் தெரியவில்லை. நான் அவருக்குப் பிடித்த கழுதை ஜோக்கைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அப்போதுதான் டாக்டர், "எட்டு வாரம் பேசியே வைத்தியம் செஞ்சு பார்ப்போம். குறையலேன்னா மறுபடி சொட்டுதான்" என்றார். அதற்காகத்தான் மிர்சினி அக்கா புதன்கிழமைதோறும் கப்பலில் வருகிறார். நான்கு வாரம் முடிந்துவிட்டது. பயம் குறையவில்லை.

நவம்பர் 6, புதன்

மிர்சினி அக்கா எப்போதும் நாற்காலியில் உட்கார மாட்டார். முக்காலியில் உட்காருவார், முகம் அத்தையின் முகத்தைவிடக் கீழே இருக்கும்படி. அத்தையோடு பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்று இருவருமாக ஒரு அட்டை தயாரித்தார்கள். பயம் வந்தால் எடுத்துப் படிப்பதற்கு. சொல்வது அத்தை, எழுதுவது நான்.

"பயம் வர்றப்ப உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கலாம்?" என்று மிர்சினி அக்கா கேட்டார்.

"மொஸ்கா, உட்காருன்னு சொல்லிக்கலாம்."

"சரி. அப்புறம்? கால் ரெண்டும் தரையில இருக்குன்னு நினைச்சுப் பாருங்க."

"கால் தரையில இல்லாம கூரையிலயா இருக்கும்?" என்றார் அத்தை.

மூன்று பேரும் சிரித்தோம். "மொஸ்கா, உட்காரு. மெதுவா மூச்சு விடு. கால் தரையிலதான் இருக்கு, கூரையில இல்ல" என்று எழுதினேன். அத்தை அதை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. வகுப்பில் இருப்பதால் நானும் பார்த்ததில்லை.

இன்று பயம்: 8. சற்று முன் நடந்தது: ஒன்றுமில்லை. (அம்மாவைக் கேட்டு எழுதினேன்.)

நவம்பர் 10, ஞாயிறு

எல்லாப் பக்கங்களையும் எடுத்துப் பட்டியல் போட்டேன். பயம் வந்த நாட்கள்: திங்கள், புதன், வெள்ளி. மணி: ஆறு, ஆறேகால். மற்ற நாட்களில் சின்னச் சின்ன முணுமுணுப்புதான்.

சுவர்க்கடிகாரம் ஆறு அடிக்கும் சத்தம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். கடிகாரத்தைத் திறந்து, அடிக்கும் சுத்தியலில் என் காலுறையை மாட்டினேன்.

நவம்பர் 11, திங்கள்

பயம்: 8. கடிகாரம் அடிக்காததால் அம்மா அடுப்பை மறந்துவிட்டார். பருப்பு சூப் கரிந்துபோனது.

"கடிகாரம் செவ்வாய்க்கிழமையும்தானே ஆறு அடிக்குது?" என்று அம்மா கேட்டார்.

ஆமாம். இதை ஏன் நான் யோசிக்கவில்லை? காலுறையை எடுத்துவிட்டேன். பாத்திரத்தை நானே தேய்த்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பக்கத்து ரொட்டிக்கடை பந்தெலிஸ் மாமா பெரிய கூடையோடு வந்து கதவைத் தட்டினார்.

"தெஸ்பினா! உங்க வீட்டுத் துடைப்பம் என் ரொட்டிக் கூடையில படுத்துத் தூங்குது. முழுசாத் தரவா, துண்டு போட்டுத் தரவா?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணி மறுபடி ஒளிச்சு வச்சிருக்காங்க. செப்டம்பர்லேர்ந்து இது மூணாவது. முதல்ல அலமாரிக்குப் பின்னாடி. அப்புறம் துணி ஊறவைக்கிற தொட்டியில."

"மொஸ்கா அக்கா, கடையில வேலை வேணும்னா நேராக் கேக்கக் கூடாதா?" என்றார் மாமா.

"உன் கடையில யார் வேலை செய்வா? ரொட்டி கல்லு மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

மாமா சிரித்துக்கொண்டே போனார். மறதி நோய் வந்தவர்கள் பொருட்களை இடம் மாற்றி வைப்பது வழக்கம்தான் என்று அம்மா சொன்னார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "காணாமல் போனவை" என்று தலைப்புப் போட்டு எழுதினேன். துடைப்பம், துடைப்பம், துடைப்பம். கண்ணாடி தொலைந்ததில்லை. சாவி தொலைந்ததில்லை. துடைப்பம் மட்டும்தான்.

நவம்பர் 13, புதன்

மிர்சினி அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். "ஒன்றுமில்லை" என்ற இடங்களில் அவர் விரல் நின்றது.

"ஒண்ணுமே நடக்காத வீடு உண்டா, அர்கிரோ?" என்றார். அவ்வளவுதான். அதற்குள் கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போனபின் இரவு வரை யோசித்தேன். திங்கள், புதன், வெள்ளி, ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? பதில் கிடைத்தபோது வெட்கமாக இருந்தது. நான் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் நடப்பதையெல்லாம் எழுதியவள், என்னை மட்டும் எழுதவே இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

டீச்சரிடம் அனுமதி வாங்கினேன். இன்று அரை மணி தாமதமாக வருவதாகச் சொன்னேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "நீங்க எப்பவும் செய்றதையே செய்யுங்கம்மா" என்றேன்.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வரேன் அத்தை." "ம்." கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். பிறகு சுற்றி வந்து, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அம்மா நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். துடைப்பத்தை எடுத்தார். உள்ளறையிலிருந்து பெருக்கிக்கொண்டே வாசல் பக்கம் வந்தார்.

அத்தை எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "வேண்டாம், வேண்டாம், தள்ளாதே!" துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் உள்ளே ஓடினேன். "அம்மா, பெருக்காதீங்க!"

"பெருக்கறதா? இது எப்பவும்..." என்று அம்மா ஆரம்பித்து, நிறுத்தினார். "இதத்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டிருந்தேனா?"

மற்ற நாட்களில் நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன், கால் குறுக்கே இருக்கும். அதனால் நான் வகுப்புக்குப் போகும் நாளில்தான், நான் கிளம்பியதும், அம்மா பெருக்குவாராம். ஆகஸ்ட் வரை, நான் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே, காலையில் பெருக்கினார். இப்போது காலையில் வேலைக்குப் போகிறார்.

பயம்: 9. சற்று முன் நடந்தது: பெருக்கினோம்.

நவம்பர் 18, திங்கள்

நேற்று வரை பெருமையாக இருந்தேன். இன்று இல்லை.

துடைப்பத்தைக் கண்டால்தான் பயம் என்று நினைத்து, பந்தெலிஸ் மாமாவிடம் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கேட்டு வாங்கினோம். நான் கிளம்பியதும் அம்மா அதை ஓட்டினார்.

பயம்: 10. அத்தை வாசல் வரை ஓடிவிட்டார். கால் இடறியது. நல்லவேளை, அம்மா பிடித்துக்கொண்டார்.

இரவு அம்மா அலமாரியைத் திறந்து சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கும்மா" என்றேன். "ஒன்றரை வாரம்" என்றார் அம்மா.

நவம்பர் 20, புதன்

காற்று. கப்பல்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள். மிர்சினி அக்கா வரவில்லை. எட்டில் ஏழாவது தடவை வீணாகப் போகிறது. போன் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"எப்ப வருதுன்னு கண்டுபிடிச்சுட்ட. எதுக்குன்னு இன்னும் தெரியல. அதை அவங்கதான் சொல்லணும்" என்றார்.

"நீங்க வந்து கேளுங்கக்கா."

"கப்பல் இல்லையே. நீ கேளு. ஏன் ஏன்னு கேக்காதே. ஏன்னு கேட்டா நம்ம எல்லாருக்குமே திட்டு வாங்கற மாதிரிதான் இருக்கும். அதைப் பத்திச் சொல்லுங்கன்னு கேளு. அவங்க சொல்றது தப்பா இருந்தாலும் திருத்தாதே."

"நான் தப்பாக் கேட்டுட்டா?"

"சிரிப்பாங்க. அவ்வளவுதான்."

வகுப்பு இல்லை, காற்றால் டீச்சரே விடுமுறை விட்டுவிட்டார். நான்கு மணிக்கு அத்தைக்குக் காபி போட்டேன். தட்டில் பாகில் ஊறிய நாரத்தை ஒரு கரண்டி வைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அத்தை, துடைப்பத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"துடைப்பத்தைப் பத்தி என்னடி இருக்கு? மேல குச்சி. கீழ புல்லு."

தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் மிர்சினி அக்கா சொன்னது சரி, அத்தை சிரித்தார். நான் இன்னொரு தடவை முயன்றேன்.

"அம்மா பெருக்கறப்ப உங்களுக்கு உடம்புல எங்க என்னவோ பண்ணுது?"

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். கையை வயிற்றில் வைத்தார். "இங்க." வெகு நேரம் ஜன்னலைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அவன் படியிறங்கிட்டான்" என்றார்.

"யாரு அத்தை?"

"சின்னவன். லூக்காஸ். பதினேழு வயசு. சட்டை தொளதொளன்னு இருக்கு. வளருற பிள்ளைன்னு நான்தான் பெருசா தைச்சேன். திரும்பிப் பார்த்துக் கையாட்டறான். அப்புறம் திருப்பத்துல காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்து உட்கார்ந்தேன். துடைப்பத்தை எடுத்துப் பரண்மேல போட்டேன். கடலுக்குப் போனவன் போய்ச் சேர்ந்தான்னு சேதி வர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கக் கூடாது. பெருக்கினா, போனவனையும் சேர்த்து வெளியில தள்ளின மாதிரி."

"சேதி எப்ப வந்துச்சு?"

"பத்தொன்பது நாள்!" அத்தையின் முகம் மாறியது. குரல்கூட மாறியது. "பத்தொன்பது நாள் பெருக்கலடி. ரொட்டித் தூள் அங்க ஒரு மலை, இங்க ஒரு மலை. எறும்பு சாரை சாரையா வந்துச்சு. எதிர்வீட்டு ஃப்ரோஸோ எட்டிப் பார்த்து, 'மொஸ்கா, இன்னும் நாலு நாள் விட்டா கோதுமையே விதைக்கலாம் போலிருக்கே'ன்னா. 'அறுவடைக்கு நீ வாடி'ன்னேன்."

"தந்தி வந்துச்சா?"

"போர்ட் சையதுலேர்ந்து. 'சேர்ந்தேன். லூக்காஸ்.' அவ்வளவுதான். கஞ்சன். அதைப் படிச்சுட்டு எழுந்து பெருக்கினேன் பாரு. மூணு தடவை. படியையும் பெருக்கினேன். தெருவையும் பெருக்கினேன். ஃப்ரோஸோ வீட்டு வாசலையும் பெருக்கினேன்."

அத்தை சிரித்தார். போன வருடத்து அத்தை அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. முன்பெல்லாம் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ என்னடான்னா பிள்ளை திருப்பம் தாண்டல, அதுக்குள்ள பெருக்கறா."

"எந்தப் பிள்ளை அத்தை?"

"நீதாண்டி."

வகுப்பு மேல் தெருவில்தான் இருக்கிறது, நடந்தால் எட்டு நிமிடம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. திருத்தக் கூடாது.

இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு எப்படித் தெரியும், அர்கிரோ? கடலே இல்லாத லாரிசாவுல எங்க வீட்டுல ஏது கப்பல்? டிராக்டர்தான். டிராக்டர்ல போனவர் சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுவார்." பிறகு அத்தையிடம் போய், "அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனே" என்றார் அத்தை. "தள்ளாதேன்னு சொன்னேனே."

நவம்பர் 22, வெள்ளி

திட்டம்: (1) நான் வகுப்புக்குப் போனதும் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். (2) அத்தைதான் எடுக்க வேண்டும். (3) அதுவரை துடைப்பத்தை யாரும் தொடக் கூடாது.

டீச்சரின் மேசையிலிருந்த போனில் எண்ணை அழுத்தினேன். வகுப்பே என்னைப் பார்த்தது.

"அத்தை, நான் சேர்ந்துட்டேன்."

"யாரு?"

"அர்கிரோ."

"எந்தத் துறைமுகம்?"

"இங்கிலீஷ் கிளாஸ், அத்தை. மேல் தெரு."

"காத்து எப்படி?"

"ஜன்னல் சாத்தியிருக்கு."

"சாப்பாடு போடறாங்களா?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை என் கையில் வைத்தார். "போடறாங்க அத்தை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மீதியைச் சொன்னார். அத்தை போனை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாராம். மெத்தைக்கு அடியிலிருந்து துடைப்பத்தை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தாராம். "சேர்ந்துட்டான். இப்பப் பெருக்கு. மூலையை விட்டுடாதே."

பயம்: 3.

நவம்பர் 25, திங்கள்

பயம்: 6. வகுப்புக்குப் போனால் டீச்சர் வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். வீட்டில் அத்தை எழுந்து வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாராம். அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து அட்டையைப் படித்தார்கள். கூரை வரியில் அத்தை சிரித்துவிட்டார்.

6 என்று எழுத வருத்தமாக இருந்தது. 5 என்று எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எழுதவில்லை.

நவம்பர் 27, புதன்

எட்டாவது தடவை. கடல் அமைதியாக இருந்தது. மிர்சினி அக்கா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மறதி போகாது, அர்கிரோ. அது உனக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"வேற பயம் வேற நாள் வரலாம்."

"வந்தா கட்டம் போட்டு எழுதுவேன்."

அவர் டாக்டருக்குப் போன் செய்தார். 6 வந்த நாளைக்கூட மறைக்காமல் சொன்னார். டாக்டர் ஏதோ கேட்டார். இவர் "ஆமாம்", "இல்லை", "பெருக்கறதால" என்றார். "பெருக்கறதாலதான், டாக்டர்" என்று இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"சொட்டு வேண்டாம்னுட்டார். நான் இனி மாசம் ஒரு தடவை வரேன்."

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அத்தையிடம் கழுதை ஜோக்கைச் சொன்னேன். பாதியிலேயே, "தெரியும், கழுதை கப்பலை ஓட்டிட்டுப் போயிடும்" என்று முடிவை அவரே சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

மிர்சினி அக்கா கிளம்பும்போது அத்தையும் எழுந்தார்.

"இரு பொண்ணே, துறைமுகம் வரைக்கும் வந்து உன்னை வழியனுப்பறேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செப்டம்பரிலிருந்து அத்தை பக்கத்து ரொட்டிக்கடையைத் தாண்டி எங்கேயும் போக விரும்பியதே இல்லை. அம்மா ஓடிப்போய் அவருடைய கறுப்புக் காலணியை எடுத்து வந்தார். போட்டுப் பார்த்தால் இரண்டிலும் நாடா இற்றுப்போயிருந்தது. இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"அடுத்த தடவை" என்றார் மிர்சினி அக்கா, அத்தையின் கன்னத்தில் முத்தமிட்டு.

"அடுத்த தடவை வரைக்கும் வெறுங்காலோடயா இருக்கறது?" என்றார் அத்தை.

நாளை, வியாழன், பள்ளி விட்டதும்: காலணி நாடா ஒரு ஜோடி வாங்க வேண்டும். கறுப்பு. ஐந்து துளை. கடைக்கு அத்தையும் வருகிறார், என் விளையாட்டுக் காலணியைப் போட்டுக்கொண்டு.